வீட்டுத் தோட்டத்தில் ஆனைக்கற்றாழை

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. அதன் மேற்கெல்லையில் வெள்ளியங்கிரி, ஆனைமலை முதலிய மலைகள் நெடுஞ்சுவர்போல் நிற்கின்றன. ஆனி, ஆடித் திங்கள்களில் அரபிக் கடலினின்று எழுந்துவரும் முகில்கள் அம்மலைகளில் மோதி, தம்மிடமுள்ள நீரின் பெரும்பகுதியை மேற்குப் புறத்திலேயே பொழிந்துவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கம் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றே, மழை சிறிதே. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கீழைக் கடலிலிருந்து வரும் பருவமழையே இந்நாட்டு உழவர்க்குப் பெருந்துணை. கோவை மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆகும். தமிழ்நாடு முழுமைக்கும் கணக்கிட்ட சராசரியோ 90 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டது. இவ்வேறுபாட்டினை நினைவிற் கொண்டால் கொங்கு நாட்டு வேளாண்மையின் இயல்பு நன்கு விளங்கும்.

பழங்காலத்துக் கொங்கு மக்கள் மழையின் அளவறிந்து வாழ்ந்தார்கள். புன்செய் நிலத்தில் சோளமும் கம்பும் கொள்ளும் விதைத்தார்கள். காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் மேய்ச்சலுக்கென விடப்பட்ட கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவையை உயிர்வேலியாக நட்டார்கள். நடுவே வெள்வேல மரங்களை வளரவிட்டார்கள். கொழுக்கட்டைப் புல்லைத் தின்று ஆடுமாடுகள் வளர்ந்தன. நீர் வேண்டியபோது எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தார்கள். எருதின் உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கிணற்றின் ஊற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்விரு எல்லைகளுக்கும் உட்பட்டே பயிர் நடந்தது.

1932-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களை எட்டியது. எருதுகள் இழுத்த நீரை மின்பொறிகள் இழுக்கலாயின. விளைச்சல் பெருகியது, ஆலைகள் பெருகின, ஊர்கள் நகரங்களாயின. ஆனால், இறைக்கும் ஆற்றல் பெருகியதே அன்றி, பெய்யும் மழை பெருகவில்லை. கிணறுகள் ஆழமாயின, கிணறுகள் வறண்டபின் ஆழ்துளைக் குழாய்கள் இறங்கின. இன்று பல ஊர்களில் அக்குழாய்கள் ஆயிரம் அடிக்கும் கீழே சென்று நீரைத் தேடுகின்றன. பவானியாற்றின் உபரி நீரைக் கொணர்ந்து வறண்ட குளங்களை நிரப்பும் அத்திக்கடவு - அவினாசித் திட்டம், மக்கள் பல்லாண்டுகள் வேண்டி நின்றபின், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலேதான் செயலுக்கு வந்தது. நீரின் அருமையை இதனினும் தெளிவாகக் கூறுவது வேறொன்றில்லை.

இத்தகைய நாட்டில் வீட்டுத் தோட்டம் அமைப்போர் முதலில் எண்ண வேண்டுவது யாது? 'எந்தச் செடி அழகியது?' என்பது அன்று. 'எந்தச் செடி இந்நிலத்து மழையைக் கொண்டே வாழும்?' என்பதாகும். நாள்தோறும் குடம் குடமாக நீர் கேட்கும் புல்தரையையும் அயல்நாட்டுப் பூஞ்செடியையும் வளர்க்க விரும்புவோர், அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை மறந்துவிடுகின்றனர். சின்னாள் நீர் வாராவிடினும் வாடாமல், ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல், கண்ணுக்கு இனிதாய் நிற்கும் செடிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆனைக்கற்றாழை.

கற்றாழை என்னும் பெயரின் அமைப்பை முதற்கண் அறிதல் நன்று. கல் என்பதும் தாழை என்பதும் சேர்ந்து கற்றாழை ஆயிற்று. நிலைமொழியின் ஈற்றிலுள்ள லகரமும் வருமொழியின் முதலிலுள்ள தகரமும் றகரமாகத் திரிந்தன. தாழை என்பது நீர்வளமிக்க கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் வளர்வது. நீண்ட மடல்களையும் முள் நிறைந்த விளிம்பையும் உடையது. அத்தகைய மடல்களோடு கல்லும் கரடுமான நிலத்தில் வளர்வதைக் கல் தாழை எனக் கொண்டது பொருத்தமே. கொங்கு நாட்டுப் பேச்சு வழக்கில் இது 'கத்தாழை' என வழங்கும். காற்று 'காத்து' என்றும், நேற்று 'நேத்து' என்றும் ஆவது போன்ற மாற்றமே இது.

கற்றாழை என்னும் ஒரு பெயராலே வெவ்வேறு இனச் செடிகள் குறிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியாதார் இடர்ப்படுவர். வீடுகளில் மருந்துக்கென வளர்ப்பது சோற்றுக்கற்றாழை. சித்த மருத்துவ நூல்கள் அதனைக் குமரி என்றும் கூறும். அதன் மடலைப் பிளந்தால் உள்ளே வழவழப்பான சோறு இருக்கும். கண்ணேறு படாமைக்கென மக்கள் அதனை வேரோடு பறித்து வாயிற்படியில் தலைகீழாகத் தொங்கவிடுவதைப் பலரும் கண்டிருக்கலாம். மண்ணும் நீரும் இன்றியும் அது பலநாள் பசுமை குன்றாது தொங்கும். தன் மடலில் சேமித்த நீரைக் கொண்டே உயிர் தாங்கும். ஆனைக்கற்றாழையும் அவ்வாறே நீரைச் சேமிப்பது. எனினும் அது வேறினம். அதன் மடலில் உண்ணத்தக்க சோறு இல்லை. வலிய நார் உண்டு. சோற்றுக்கற்றாழை பலமுறை பூக்கும். ஆனைக்கற்றாழை ஒரே ஒரு முறைதான் பூக்கும். இதனை அதுவென மயங்கி மருந்தாகக் கொள்ளுதல் தீங்கு விளைக்கும்.

ஆனைக்கற்றாழையின் தாயகம் அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ நாடும் அதனை அடுத்த வறள்நிலங்களும் ஆகும். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை எண்ணிச் சொல்கின்றார், அவற்றுள் தாழை உண்டு, ஆனைக்கற்றாழை இல்லை. சங்கச் சான்றோர் காலத்தில் அது தமிழகத்திற்கு வரவில்லை. கொலம்பசு 1492-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையை அடைந்தபின், அந்நாட்டுச் செடிகள் பல ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவின. மிளகாயும், நிலக்கடலையும், மக்காச்சோளமும், பப்பாளியும் அவ்வாறு வந்தவையே. இன்று மிளகாயின்றித் தமிழர் சமையல் இல்லை. நிலக்கடலையின்றிக் கொங்கு நாட்டுப் புன்செய் இல்லை. அவ்வரிசையில் வந்து வேலியோரத்தில் நிலைபெற்றது ஆனைக்கற்றாழை. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் செடிகளுக்கு முறைப்படி பெயரிட்டபோது இவ்வினத்திற்கு 'அகேவ்' என்னும் பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் அச்சொல்லின் வேர், மாட்சிமை உடையது எனப் பொருள்படும்.

மாட்சிமை என்ற பெயருக்கு அதன் தோற்றமே சான்று. ஆனைக்கற்றாழைக்குத் தண்டு வெளியே தெரிவதில்லை. தரையினின்றே மடல்கள் நாற்புறமும் எழுந்து, ஒரு பெரிய தாமரை விரிந்தாற்போல் நிற்கும். நன்கு வளர்ந்த செடியின் மடல் ஓர் ஆள் உயரத்தையும் எட்டும். நிறம் சாம்பல் படர்ந்த நீலப்பச்சை. விளிம்பில் வளைந்த பற்களும், நுனியில் ஊசிபோன்ற கரிய முள்ளும் உண்டு. மடலின் பரப்பை உற்று நோக்கினால், பற்களின் வடிவம் வரிவரியாகப் பதிந்திருத்தலைக் காணலாம். இளமடல்கள் குருத்தில் ஒன்றையொன்று இறுகத் தழுவியிருந்தபோது பதிந்த சுவடுகள் அவை. மடல் விரிந்து முதிர்ந்த பின்னும் அச்சுவடு மறைவதில்லை.

அழகுக்காக மட்டும் இவ்வடிவம் அமையவில்லை. மடல் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, வாய்க்கால் போன்றது. சிறு தூறல் பெய்தாலும், இரவில் பனி இறங்கினாலும், அந்நீர் மடல்வழியே வழிந்து செடியின் அடியைச் சேரும். அங்கே வேர்கள் ஆழச் செல்லாமல் மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கின்றன. மண்ணின் மேற்பரப்பை மட்டும் நனைத்துச் செல்லும் சிறுமழையையும் அவை உடனே பருகிவிடும். பருகிய நீர் தடித்த மடல்களில் சேமிக்கப்படும். மடலின்மேல் மெழுகுபோன்ற ஒரு பூச்சு உண்டு. அது வெயிலால் நீர் வற்றாதபடி காக்கும்.

இவற்றினும் வியக்கத்தக்கது இச்செடி மூச்சுவிடும் முறை. எல்லாச் செடிகளும் இலையிலுள்ள நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயுவை உட்கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் உணவு சமைக்கின்றன. பெரும்பாலான செடிகள் பகலில் இத்துளைகளைத் திறக்கின்றன. திறந்த துளைவழியே வாயு உள்ளே செல்லும்போதே, இலையிலுள்ள நீர் ஆவியாகி வெளியே போய்விடுகின்றது. கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். வெயில் தணிந்து குளிர்ந்த இரவிலேயே அவற்றைத் திறந்து, கரியமில வாயுவை ஏற்று, ஒருவகைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கும். ஆப்பிள் பழத்திற்குப் புளிப்பைத் தருவதும் அதே பொருள்தான். பொழுது விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, இரவில் சேர்த்த பொருளைக் கொண்டு பகலொளியில் உணவு சமைக்கும். இதனால் நீரின் இழப்பு மிகவும் குறைகின்றது. வருவாய் சிறிதாயினும் செலவை அதற்கேற்ப அடக்கி வாழும் நல்ல குடும்பத்தைப் போன்றது இச்செடி.

இத்தகைய செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறையை இனிக் காண்போம். விதையிட்டு வளர்த்தல் அரிது. முதிர்ந்த செடியின் அடியைச் சுற்றி வேரிலிருந்து பக்கக் கன்றுகள் தோன்றும். ஒரு சாண் உயரமுள்ள கன்றினைக் கூரிய கருவியால் தாய்ச்செடியினின்று பிரித்தெடுக்க வேண்டும். எடுத்தவுடன் நடுதல் கூடாது. வெட்டுவாய் காய்ந்து மூடும்வரை சில நாள் நிழலில் வைத்திருத்தல் வேண்டும். ஈரம் உலராத வெட்டுவாயோடு நட்டால் அழுகல் பற்றும். பிற கன்றுகளை வாடாமல் நடுவது முறை. கற்றாழைக் கன்றினை வாடவிட்டு நடுவதே முறை.

இடம் வெயில் நன்கு படுவதாக இருத்தல் வேண்டும். மரநிழலில் மடல்கள் மெலிந்து நீண்டு, செடி தன் வடிவை இழக்கும். கொங்கு நாட்டுச் செம்மண்ணும் சரளை மண்ணும் இதற்கு மிகவும் ஏற்றவை. கரிசல் மண் நீரை நெடுநாள் பிடித்து வைக்கும் இயல்பினது. ஆதலின் அங்கே மணலும் உடைகல்லும் கலந்து, தரையினின்று ஒரு முழம் உயர்த்தி மேட்டுப்பாத்தி அமைத்தல் நலம். கன்றின் அடி மண்ணில் பொருந்தினால் போதும். குருத்து புதையுமாறு ஆழ நடுதல் ஆகாது. ஆனியிலோ ஆடியிலோ நட்டால், ஐப்பசி மழை வருமுன் கன்று வேரூன்றிக் கொள்ளும்.

நட்டபின் மண் அமையும்படி ஒருமுறை நீர் விடலாம். அதன்பின், மண் முழுதும் காய்ந்த பிறகே அடுத்த நீர். ஓராண்டு கடந்து நன்கு வேர் பரவிய செடிக்குக் கோடையில் எப்போதாவது நீர் விடுதலே மிகுதி. மழைக்காலத்தில் அதுவும் வேண்டுவதில்லை. எருவும் மிகுதியாக வேண்டுவதில்லை. இச்செடி நீரின்றி இறப்பது அரிது. நீர் மிகுந்து வேரழுகி இறப்பதே பெரும்பான்மை. அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றுவோர் இதனைக் கொன்றுவிடுவர். எப்பொருளுக்கும் அளவு உண்டு என்பதை இச்செடியை வளர்ப்போர் விரைவில் கற்றுக்கொள்வர்.

இடம் தேர்வதில் கருத வேண்டுவது இன்னொன்று உண்டு. கையளவுக் கன்றாக இருக்கும்போது இது எளிதாகத் தோன்றும். வாயிலருகிலும் நடைபாதை ஓரத்திலும் நட்டுவிடுவர். சில ஆண்டுகளில் அது பன்னிரண்டடி அகலம் வரை படரக்கூடும் என்பதை அப்போது நினையார். முள்நுனிகள் சிறுவர்களின் கண் உயரத்தில் நிற்பதும் உண்டு. ஆதலின், நடைபாதையினின்றும், குழந்தைகள் ஆடும் இடத்தினின்றும், கால்நடை கட்டும் இடத்தினின்றும் குறைந்தது பத்தடி தொலைவேனும் விலக்கி நடுதல் வேண்டும். பழங்காலத்தார் இதனை முற்றத்தில் வையாது வேலியில் வைத்த காரணமும் இதுவே. தவிர்க்க முடியாத இடத்தில், மடலைச் சிதைக்காமல் முள்ளின் கூர்நுனியை மட்டும் நறுக்கிவிடலாம்.

மடலை வெட்டும்போது கசியும் சாறும் தீங்கானது. அச்சாற்றில் ஊசி வடிவான நுண்ணிய படிகங்கள் உள்ளன. சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் நறுக்குங்கால் கை அரிப்பதற்கும் இத்தகைய படிகங்களே காரணம். கற்றாழைச் சாறு தோலிற் பட்டால் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். சிலர்க்குக் கொப்புளமும் தோன்றும். கண்ணிற் பட்டால் பெருந்துன்பமாகும். ஆதலின் கையுறை அணிந்து, நீண்ட கைச்சட்டையோடு, காற்றின் திசையறிந்து நின்று வெட்டுதல் வேண்டும். இவ்வேலையைச் சிறுவரிடம் ஒப்படைத்தல் ஆகாது.

பக்கக் கன்றுகளை ஆண்டுக்கொரு முறை எடுத்துவிடுதல் வேண்டும். விட்டுவிட்டால் ஒரு செடி புதராகும். புதர் தோட்டத்தையே அடைத்துக்கொள்ளும். எடுத்த கன்றுகளை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ வீசிவிடுதலும் தவறு; விழுந்த இடத்தில் அவை வேரூன்றிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு வறள்நிலச் செடியாகிய சப்பாத்துக்கள்ளியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. வேலிக்கென வைத்த அது எல்லை கடந்து, தென்னாட்டில் ஏராளமான நிலங்களை முட்காடாக்கிற்று. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொணர்ந்து விட்டபின்னரே அக்கள்ளி அடங்கியது. வந்த விருந்தினரைப் போற்றுதல் வேண்டும். ஆயினும் அவர்க்குரிய இடம் எதுவென்பதை வீட்டார்தாம் வரையறுத்தல் வேண்டும்.

சிறிய இடமே உடையோர்க்கும் ஏற்ற வகைகள் உள்ளன. மடலின் விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும் வகை ஒன்று; வெண்கோடுகள் தீட்டினாற்போன்ற, ஒரு முழத்திற்கு மேல் வளராத குட்டை வகை ஒன்று; முள்ளே இல்லாத மென்மடல் வகை ஒன்று. முள்ளில்லாத வகை குழந்தைகள் உள்ள வீட்டிற்கு மிகவும் ஏற்றது. குட்டை வகைகளைத் தொட்டியிலும் வளர்க்கலாம். தொட்டி சுட்ட மண்ணால் ஆயதாயின் ஈரம் விரைவில் உலரும். அடியில் துளை இல்லாத தொட்டி கற்றாழைக்குக் கூற்றுவன்.

இனி, இச்செடி அழகுப்பொருளாக மட்டும் இந்நாட்டில் வாழவில்லை என்பதையும் அறிதல் வேண்டும். 1862-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைந்தது. இந்திய நாட்டில் இவ்வாறு பாதைகள் நீண்டபோது, கால்நடைகள் குறுக்கே வாராதபடி பல இடங்களில் கற்றாழையை இருமருங்கும் வேலியாக நட்டனர். இதனால் இதனை 'இரயில் கற்றாழை' என வழங்குவாரும் உளர். வேலியிலிருந்து மடலை வெட்டி, ஊறவைத்துத் தட்டிச் சுரண்டி, வெண்ணிற நார் எடுத்தனர். முன்னாளில் கிணற்றுக்கும் வண்டிக்கும் கட்டிலுக்கும் கால்நடைக்கும் வேண்டிய கயிறுகளைத் தென்னை, புளிச்சை, மருள், கற்றாழை முதலியவற்றின் நாராலேயே திரித்தனர். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் முள்நுனியை நாரோடு சேர்த்து உரித்து, ஊசியும் நூலுமாகவே பயன்படுத்தினர். ஊசியும் நூலும் ஒரே மடலில் விளைவது இயற்கையின் விந்தை அன்றோ?

நாருக்கென்றே வளர்க்கப்படும் இனம் நார்க்கற்றாழை. அதனை ஐரோப்பியர் 'சைசல்' என்பர். மெக்சிகோவின் சைசல் என்னும் துறைமுகத்திலிருந்து நார் ஏற்றுமதி ஆனமையால் வந்த பெயர் அது. 1893-ஆம் ஆண்டில் இண்டார்பு என்னும் செருமானிய அறிஞர், அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து ஆயிரம் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வருவித்தார். நெடுவழிப் பயணத்தில் பெரும்பாலானவை அழிந்தன; உயிர் பிழைத்தவை 62 மட்டுமே. அந்த 62 கன்றுகளும் பல்கிப் பெருகி, இன்று தான்சானியா எனப்படும் நாட்டினை உலகின் தலைசிறந்த நார் விளைநிலங்களுள் ஒன்றாக்கின. பின்னர்ப் பிளாசுடிக் கயிறு வந்தது, அத்தொழில் தளர்ந்தது. கொங்கு நாட்டுச் சந்தைகளிலும் அதே மாற்றம் நிகழ்ந்தது. நார்க்கயிறு தேய்ந்தால் மண்ணோடு மண்ணாகும். பிளாசுடிக் கயிறு மண்ணிலும் மக்குவதில்லை. அதனைத் தின்னும் கால்நடைக்கும் கேடு செய்கிறது. இதனை உணர்ந்தோர் நாரின் பயனை மீண்டும் எண்ணத் தொடங்கியுள்ளனர். ஒடிசா மாநிலத்துப் பாம்ராவில் நார்க்கற்றாழைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு.

ஆனைக்கற்றாழையின் வாழ்வில் தலையாய நிகழ்ச்சி அதன் பூப்பு. பிற செடிகள் ஆண்டுதோறும் பூத்து ஆண்டுதோறும் காய்க்கும். இதுவோ பத்தாண்டு, இருபதாண்டு, சிலபோது அதற்கு மேலும் பொறுத்திருக்கும். நூறாண்டுக்கு ஒருமுறை பூப்பதென மேலைநாட்டார் கருதி இதற்கு 'நூற்றாண்டுச் செடி' என்று பெயரிட்டனர். அது மிகையுரை, ஆயினும் அதன் பொறுமையைக் காட்டுவது. காலம் வந்ததும், குருத்தின் நடுவிலிருந்து மூங்கில் முளைபோல் ஒரு தண்டு எழும். நாளொன்றுக்கு அரையடி வளர்வதும் உண்டு. இருபது முதல் முப்பதடி வரை ஓங்கி, உச்சியில் கிளைத்து, மஞ்சள் நிறப் பூக்கொத்துகளை ஏந்தி நிற்கும். தன் தாய்நாட்டில் இரவில் வரும் வௌவால்கள் இப்பூவின் தேனை உண்டு மகரந்தத்தைப் பரப்பும்.

அத்தண்டையும் பூக்களையும் உருவாக்கும் செல்வம் எங்கிருந்து வந்தது? ஆண்டுக்கணக்கில் சிறுமழையையும் இரவுப் பனியையும் துளித்துளியாகச் சேர்த்து மடல்களில் வைத்திருந்த சேமிப்பு முழுவதையும் செடி அப்போது செலவிடுகின்றது. மடல்கள் மெல்ல மெல்லத் துவளும், நீலப்பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும். பூப்பு முடிந்ததும் தாய்ச்செடி இறந்துபடும். ஆயினும் அதன் அடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் நிற்கும். நார்க்கற்றாழையிலோ, பூத்த கிளைகளிலேயே நூற்றுக்கணக்கான சிறு கன்றுகள் தோன்றி, முதிர்ந்ததும் தரையில் உதிரும். உலர்ந்த தண்டும் வீணாவதில்லை. எடை குறைந்து நீரில் மிதக்கும் அதனை, கிணற்றில் நீந்தப் பழகும் சிறுவர்கள் மிதவையாகக் கட்டிக்கொள்வதும் உண்டு.

செடி பட்டுப்போயிற்றே எனத் தோட்டக்காரர் வருந்த வேண்டுவதில்லை. எஞ்சிய கன்றுகளுள் வலியது ஒன்றை அவ்விடத்திலேயே விட்டு, மற்றவற்றை அண்டை வீட்டார்க்கும் உறவினர்க்கும் கொடுக்கலாம். கன்றை நட்டவர் அதன் பூவைக் காணாமற் போதலும் கூடும். அவர்தம் மக்கள் காண்பர். வேலியில் முன்னோர் வைத்த கிளுவையின் நிழலில் இன்று ஆடுகள் இளைப்பாறுவதும் அவ்வாறே அன்றோ?

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஓர் ஆனைக்கற்றாழை ஓர் ஊரின் நீர்க்குறையைத் தீர்த்துவிடாது. ஆனால், ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் நிலத்தின் மழையை அளந்து, அதற்கேற்ற செடியைத் தேர்வாராயின், இன்று தோட்டங்களில் வீணே வழிந்தோடும் நீர் குடங்களில் நிறையும். கொறங்காட்டுக்குக் கிளுவையைத் தேர்ந்த கொங்கு மக்களின் அறிவு அத்தகையது. நிலத்தை அறிந்து செடியைத் தேர்தல் வேண்டும். செடியை அறிந்து இடத்தைத் தேர்தல் வேண்டும். இவ்விரண்டும் அறிந்தவர் தோட்டம், வானம் பொய்த்த ஆண்டிலும் பசுமை மாறாது நிற்கும்.